செலரி கிடைக்காத ஊரிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வருவதில்லை. நான் சமைக்கும் பாடசாலையின் அலுவலகத்துக்கு ஞாயிற்றுப் பத்திரிகை திங்கட்கிழமை வரும். செவ்வாய்க்கிழமை அது அடுப்பு மூட்டுவதற்காக என் கைக்கு வரும். மூட்டுவதற்கு முன் வாசித்துவிடுவது என் பழக்கம். வாசிப்பு நீண்டு உலை பிந்திய நாட்களும் உண்டு. அப்படித்தான் தங்கள் வார இணைப்பில் வந்த, வெயில் காலத்தில் உண்ண வேண்டிய நீர்ச்சத்து உணவுகள் பற்றிய அரைப் பக்கம் கண்ணில் பட்டது. அதை மட்டும் எரிக்காமல் மடித்து உப்புப் போத்தலின் கீழ் வைத்துக்கொண்டேன்.

பட்டியலில் முதலாவது செலரி. அடுத்தது லெட்யூஸ். பிறகு ஸ்ட்ரோபெரி, சுக்கினி. சுக்கினி என்றால் என்னவென்று எங்கள் ஆங்கில ஆசிரியையிடம் கேட்டேன். அவரும் தொலைபேசியில் படத்தைத் தேடிக் காட்டித்தான் சொன்னார். பார்த்தால் நம்முடைய வெள்ளரிக்காயின் ஒன்றுவிட்ட தம்பி போலிருந்தது. எழுதியவர் பொய் எழுதியிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. செலரியில் நீர் நிறைய இருக்கட்டும். ஆனால் மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வவுணதீவுக் கடைகளில் நான் இதுவரை ஒரு செலரித் தண்டைக் கண்டதில்லை. பாலத்தைக் கடந்து பஸ்ஸில் பட்டினத்துக்குப் போய் வாங்கி வந்தால், வரும் வழியிலேயே அது கருவாடாகிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 54. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு உணவு சமைக்கிறேன். எண்பது பேருக்கு மேல் சாப்பிடுவார்கள். கணவருக்கு உன்னிச்சைக் குளத்து வாய்க்காலை நம்பிய இரண்டு ஏக்கர் வெள்ளாமை. மகள் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். கீழே நான் எழுதும் எண்களெல்லாம் அவளைப் பாடப் புத்தகத்தில் பார்க்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டு எழுதியவை.

எங்கள் பக்கத்து வெயில் ஒன்றல்ல, இரண்டு. பட்டியல் எழுதுகிறவர்கள் இதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நகர்கிறது. அந்தச் சித்திரை வெயிலில் காற்றே இராது. வாவியிலிருந்து எழும் ஈரம் உடம்பில் ஒட்டும், முதுகு நனையும், வியர்வை கண்ணுக்குள் வழியும். தாகமும் தானாக எடுக்கும். அது அறிவித்துவிட்டு வருகிற எதிரி.

மற்றது கச்சான். வைகாசி கழிந்து ஆனி, ஆடி என்று போகும்போது மேற்கிலிருந்து வீசுகிற காற்று. மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. கொடியில் போட்ட சேலை அரை மணியில் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். இந்தக் காற்றில் வியர்வை வெளியே வந்தவுடனேயே உலர்ந்துவிடுவதால் உடம்பு நனைவதில்லை. வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வரை இழந்துவிடலாம். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் முதுகுப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். எங்கள் வீட்டில் சட்டை துவைப்பவள் நான் என்பதால் அந்த உப்பை நான் அறிவேன். அறிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் கணவர் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர், பதினொரு மணியளவில் வாய்க்கால் ஓரத்தில் சரிந்துவிட்டார். பக்கத்து வயல்காரர் தூக்கி, வயற்குடிசையான வாடியில் கிடத்தி, முச்சக்கரவண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். செய்தி வந்தபோது நான் பாடசாலையில் பருப்பை இறக்கிக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காலில் தசை இறுகி, கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

வைத்தியர் இளம்பிள்ளை. "ஐயா தண்ணீர் குடிக்கவில்லையா?" என்று கேட்டார். குடித்தார், மூன்று போத்தல். அது உண்மைதான், வெறும் போத்தல்கள் வாடியிலேயே கிடந்தன. "காலையில் என்ன சாப்பிட்டார்?" என்பது அடுத்த கேள்வி. பிளேன்டீயும் நான்கு பிஸ்கட்டும் என்றார் கணவர். பத்து மணிக்கு ஒரு சோடா. வைத்தியர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார். பாடசாலையில் எண்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலை ஐந்தரைக்கு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் கையில் அகப்பட்டதைத் தின்றுவிட்டு வயலுக்குப் போவார். இப்படியே எத்தனை ஆண்டுகள்!

வைத்தியர் சொன்னது எளிமையான விளக்கம். ஒரு லீற்றர் வியர்வையோடு ஆளுக்கு ஆள் கூடிக்குறைந்து இரண்டு மூன்று கிராம் உப்பும் போகிறது. போன நீருக்கு நீர் ஊற்றிய மனிதர் போன உப்புக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தசை இழுக்கும், தலை சுற்றும், மேலும் முற்றினால் நினைவே தடுமாறும். சிறு குடலில் நீர் நன்றாக உறிஞ்சப்படுவதற்குச் சிறிது உப்பும் சிறிது மாவோ சீனியோ கூட இருக்க வேண்டுமாம். வயிற்றோட்டத்துக்கு நாம் கரைத்துக் கொடுக்கும் ஜீவனியின் சூட்சுமம் அதுதான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் அந்த வேலையில் பெரும் பங்கைச் செய்யும் என்று வங்காளதேசத்தில் வாந்திபேதி நோயாளர்களிடையே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள் என்று மகள் பிறகு சொன்னாள். கஞ்சி எனக்குத் தெரியும். அதற்கு இத்தனை மதிப்பு இருப்பதுதான் தெரியாமல் இருந்தது.

பிஸ்கட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீர்கூட இல்லை. பாணில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாம் உலர்ந்த உணவு என்று நினைக்கும் வெறும் சோற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு நீர்! ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டு சுண்டுத் தண்ணீர் விட்டுச் சமைக்கிறவளுக்கு இது வியப்பாக இருக்கக் கூடாது, ஆனாலும் இருந்தது. ஒரு மனிதன் ஒரு நாளில் பெறும் நீரில் ஐந்தில் ஒரு பங்களவு உணவிலிருந்தே வருகிறது என்கிறார்கள். காலை உணவு பிஸ்கட்டாக, பகலுணவு கொத்துறொட்டியாக இருக்கிறவனுக்கு அந்தப் பங்கும் இல்லாமற் போகிறது.

வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றிரவே பழஞ்சோற்றுக்குத் திரும்பினேன்.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றை ஆறவிட்டு, கொதித்தாறிய நீர் ஊற்றி, மண் சட்டியில் மூடி வைப்பேன். சோற்றை மணிக்கணக்காக வெளியே கிடக்கவிட்டுப் பிறகு நீர் ஊற்றுவது கூடாது. ஆறியவுடன் ஊற்றிவிட வேண்டும். கச்சான் காலத்து இரவு வெக்கையில் விடிவதற்குள் மெல்லிய புளிப்பு ஏறியிருக்கும். காலையில் கையால் பிசைந்து, உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தயிர், தேசிக்காய் அரைப் பாதி. தொட்டுக்கொள்ள நேற்றைய கறியோ சுட்ட கருவாட்டில் ஒரு துண்டோ. அந்த நீரை ஊற்றிவிடக் கூடாது. பாதிப் பலன் அதில்தான். மணம் வேறாக இருந்தால், நூல் பிடித்தால் மாட்டுக்கு ஊற்றிவிடுங்கள். காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பகலுக்குப் பொதி கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு அல்ல அது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு உப்பையும் கருவாட்டையும் கூட்டிவிட வேண்டாம். அவர்கள் தங்கள் வைத்தியரைக் கேட்கட்டும்.

இத்தனை நல்ல உணவு எங்கள் வகுப்பறைகளில் அவமானத்துக்குரியதாகிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்குப் பழஞ்சோறு என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். அடுத்த நாளிலிருந்து அவன் பாண் என்று சொல்லப் பழகிக்கொண்டான் என்று அவனே அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னான். விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் மயங்கி, என் அடுப்படித் திண்ணையில் கொண்டுவந்து கிடத்தப்படும் பிள்ளைகளிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பது. ஒன்றுமில்லை என்பார்கள், அல்லது பிஸ்கட் என்பார்கள். பழஞ்சோறு தின்றுவிட்டு வந்த ஒருவனையும் அந்தத் திண்ணையில் நான் இதுவரை கண்டதில்லை. இது ஆராய்ச்சி இல்லை, ஒரு சமையற்காரியின் திண்ணைக் கணக்கு. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெயில் கடுமையாக இருந்தபோது, பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவதில் கவனமாக இருங்கள் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. நல்லது. மைதானத்தை மூடலாம். மைதானத்துக்கு வருமுன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டாமா?

சமையலில் என்னால் செய்யக்கூடியதைச் செய்து பார்த்தேன். நீத்துப்பூசணியில் நூற்றுக்கு 96 பங்கு நீர், சுரைக்காயில் 95, புடலங்காயிலும் பீர்க்கங்காயிலும் அதற்கு அருகில். எல்லாம் படுவான்கரைத் தோட்டங்களில் விளைபவை, விலையும் கையைக் கடிக்காது. சங்கடம் என்னவென்றால் பிள்ளைகள் இவற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். சுரைக்காய் என்றாலே முகம் சுருங்கும். ஒரு நாள் கூனி இறாலை வறுத்து, சுரைக்காய்ச் சொதியில் போட்டு இறக்கினேன். பானை அடி தெரிந்தது. தேங்காய்ப்பாலை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிடாமல், காய் வெந்த பிறகு ஊற்றி, ஒரு கொதியில் இறக்க வேண்டும். சொதி சோற்றின் மேல் மிதக்க வேண்டும், நனைத்தால் போதாது. காயைப் பொரித்தால் நாம் தேடும் நீர் முழுவதும் ஆவியாகி முகட்டுக்குப் போய்விடும். ஆனியிலும் ஆடியிலும் என் அடுப்பில் பொரியல் கிடையாது. இதற்காக ஒரு பெரியவர் என்னைக் கண்டித்தும் இருக்கிறார். பாடசாலை உணவுப் பட்டியலில் பொரியல் என்று இருந்தால் பொரியல்தான் போட வேண்டுமாம்.

தயிருக்குப் பெயர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு மோரை மறந்ததைப் போல வேறொரு மறதி இல்லை. எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது என்று வெளியூரார் வியப்பார்கள். இனிப்புப் பாணி ஊற்றி உண்பார்கள். அது விருந்து. வெயிலுக்கு, ஒரு அகப்பைத் தயிருக்கு நான்கு அகப்பை நீர் விட்டு, மத்தால் கடைந்து, உப்பு, கறிவேப்பிலை, நசுக்கிய இஞ்சி. கணவர் இப்போது வட்டைக்குக் கொண்டுபோவது அந்தப் போத்தலைத்தான். வாடிக் கூரையின் நிழலில், ஈரத் துணியில் சுற்றி, பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும் என்பது கட்டளை.

பழங்களில் முதலிடம் வெள்ளரிப்பழத்துக்கு. பழுத்து வெடித்து, மாவாகி, தொட்டால் உதிரும் அந்தப் பழத்தை வாழையிலையில் பொதிந்து கொண்டுவருவார்கள். சீனி தூவித் தின்பது ஊர் வழக்கம். நான் உப்பும் மிளகுத்தூளும் தூவிப் பழக்கியிருக்கிறேன். பல்லில்லாத என் மாமிக்கு இது அமிர்தம். மாமிக்கு வயது 81. வயது போகப் போகத் தாகம் தெரிவது குறைந்துவிடும். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. அதை எந்தக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை. மலசலகூடம் வளவின் கடைசியில் இருக்கிறது. இருட்டில் யாரை எழுப்புவது என்ற எண்ணத்தில், பிற்பகலுக்குப் பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லை. குடியுங்கள் மாமி என்றால் குவளையை வாங்கி முருங்கை மரத்துக்கு ஊற்றிவிடுவார். ஆனால் காலையில் கஞ்சி, பத்து மணிக்கு வெள்ளரிப்பழம், மத்தியானம் சொதி என்று கொடுத்தால் மறுப்பில்லை. குடிக்க மாட்டேன் என்பவர்களும் தின்பார்கள். வீட்டில் முதியவர்கள் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், பேச்சுக் குழறினால், பழத்தையும் மோரையும் தேடிக்கொண்டு நிற்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வத்தகைப்பழம் என்கிற தர்ப்பூசணியிலும் 92 பங்கு நீர். முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுவது நல்லது. வீதியோரத்தில் வெட்டி, ஈ மொய்த்து, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் கட்டியின் மேல் அடுக்கி வைத்ததை வாங்கித் தின்றுவிட்டு, போன நீரைப் பிடிக்கப் போய் இருந்த நீரையும் வயிற்றோட்டத்தில் விட்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

இளநீரைப் பற்றி உங்கள் அரைப் பக்கத்தில், எவரும் எவ்வளவும் குடிக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்திப் போடுங்கள். என் பெரியப்பாவின் மகன் சிறுநீரக நோயாளி. பார்க்க வருகிறவர்களெல்லாம் அன்போடு இளநீர் கொண்டுவந்தார்கள். பொட்டாசியம் மிகுந்த பானம் அது. பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாமல் திணறும். அது இதயத்தின் துடிப்பையே குழப்பிவிடும். கிளினிக்கில் சொல்லி, வாசலிலேயே இளநீரைத் தடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் தெஹியத்தகண்டி அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்குள்ளவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கக்கூடும். நல்ல உடம்புக்காரருக்கு இளநீர் சிறந்ததுதான். வயலில் உழைப்பவருக்கு வேண்டிய உப்பு மட்டும் அதில் குறைவு. ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கட்டும். தேங்காய் விலை ஏறியதிலிருந்து இளநீர் பறிக்கத்தான் எங்களுக்கு மனம் வருவதில்லை, அது வேறு கதை.

தேநீர் குடித்தால் உடம்பிலுள்ள நீரெல்லாம் போய்விடும் என்றும் எழுதியிருந்தார்கள். அளவாகக் குடிக்கும் தேநீர் அப்படிச் செய்வதில்லை. ஊற்றிய நீரில் பெரும்பகுதி உடம்பில் தங்கவே செய்கிறது. பியர்தான் குளிர்மை என்று வட்டையில் ஒரு கூட்டம் நம்புகிறது. அது சிறுநீரைக் கூட்டி, குடித்ததோடு இருந்ததையும் இறைக்கும். இதை நான் சொன்னால் பெண் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். அச்சில் வந்தால் ஒருவேளை கேட்பார்கள்.

காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவந்து விற்கும் ராத்தா ஒருவர் எனக்கு நல்ல பழக்கம். நோன்பு காலத்தில் ஒரு தூக்குச் சட்டி கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். பகல் முழுவதும் ஒரு சொட்டு நீரில்லாமல் இருந்த உடம்பை அவர்கள் எதைக்கொண்டு திறக்கிறார்கள் என்று பாருங்கள்: பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு உப்பும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த தளர்ந்த அரிசிக் கஞ்சி. வைத்தியர் எனக்குச் சொன்ன கணக்கு அத்தனையும் அந்தச் சட்டியில் இருக்கிறது. எங்கள் பக்கத்திலும் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்கள் கதவு திறக்கும். செட்டிபாளையத்திலிருந்து தம்பிலுவில் வரை சடங்கு நடக்கும். முடிவில் அம்மனைக் குளிரச் செய்யும் குளிர்த்தி. அம்மனுக்கே குளிர்ச்சி வேண்டியிருக்கும் மாதத்தில், கோயில் வீதியில் பிள்ளைகளுக்கு நாம் வாங்கிக் கொடுப்பது கச்சான் என்று நாங்கள் சொல்லும் உப்பிட்டு வறுத்த நிலக்கடலையும் நிறம் கலந்த சோடாவும். காற்றும் கச்சான், கையிலும் கச்சான்!

நான் கேட்பது இரண்டு. முதலாவது தங்களிடம்: அடுத்த வெயில் காலத்துக்கு முன் அந்தப் பட்டியலை இந்த மண்ணில் விளையும் பொருட்களை வைத்து எழுதச் செய்யுங்கள். யார் எதை உண்ணக் கூடாது என்பதையும் அதே எழுத்தளவில் போடுங்கள், அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். இரண்டாவது பாடசாலை உணவுக்குப் பொறுப்பானவர்களிடம்: மாரிக்கும் கச்சானுக்கும் ஒரே உணவுப் பட்டியல் எதற்கு? ஆனி, ஆடி, ஆவணியில் பொரியலை எடுத்துவிட்டு, சொதியும், பிள்ளைக்கு ஒரு குவளை மோரும் சேர்க்க அனுமதி தாருங்கள். ஒரு குவளை மோருக்கு எவ்வளவு செலவாகும் என்று நான் என் கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர் யாராயினும் காட்டுவேன்.

கணவர் இப்போது நலம். காலையில் சட்டியைத் தானே எடுத்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு கவளம் உருட்டி மூடி வைத்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறார். பாடசாலை இடைவேளைக்கு ஓடி வந்து பார்த்தால் அது புளித்துப்போயிருக்கும். எட்டு மணிக் கட்டளை எனக்கும் உண்டு என்பதை அவருக்குச் சொல்லவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். பொரியல் விவகாரம் இன்னும் ஆறவில்லை. கடிதம் வெளியானால் செவ்வாய்க்கிழமை அடுப்பு மூட்டும்போது பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
பாடசாலைச் சமையற்காரி ஒருத்தி,
வவுணதீவு, மட்டக்களப்பு.